பௌத்தத் துறவுக்கு ஏற்ற இடம் எது? – வாசகர் கேள்வி பதில்

துறவு மேற்கொள்ள விரும்புவோர் எங்கே தங்குவது, எந்த விகாரையைத் தேர்வது என்று கேட்டுத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் நான்கிற்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் பெங்களூரில் குடும்பத்தோடு இருக்கிறார்கள். ஊருக்கு வெளியே எங்களுக்கு நான்கு ஏக்கர் மாந்தோப்பு உண்டு. அதன் நடுவே ஒரு குடில் கட்டி, துறவாடையான சீவரம் தரித்து, பிக்குவாகவே தனித்திருந்து தியானம் செய்து மீதிக் காலத்தைக் கழிக்க விரும்புகிறேன். இடம் மிகவும் அமைதியானது. இது தகுமா?
– வாசகர், போச்சம்பள்ளி

பதில்: தங்கள் விருப்பம் மதிக்கத்தக்கது. ஆனால் தாங்கள் எழுதியிருக்கும் வடிவில் அது நிறைவேறாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

ஏறக்குறைய இதே விருப்பத்தோடு புத்தரிடமே ஒருவர் போயிருக்கிறார். மேகியர் என்னும் பிக்கு புத்தருக்கு அணுக்கத் தொண்டராக இருந்த காலத்தில், பிச்சை ஏற்றுத் திரும்பும் வழியில் கிமிகாளா ஆற்றங்கரையில் ஒரு மாந்தோப்பைக் கண்டார். தவம் செய்ய இதைவிட நல்ல இடம் அமையாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. இன்னொரு பிக்கு வரும்வரை பொறுத்திருக்குமாறு புத்தர் சொல்லியும் கேளாமல், மூன்றாம் முறையும் வேண்டி விடைபெற்றுப் போனார். அங்கே மரத்தடியில் அமர்ந்தவரைக் காம எண்ணமும் பகை எண்ணமும் பிறரைத் துன்புறுத்தும் எண்ணமும் மாறி மாறி மொய்த்தன. திகைத்துத் திரும்பி வந்த அவருக்குப் புத்தர், மனம் இன்னும் பக்குவப்படாதவருக்குத் துணை செய்பவை ஐந்து என்று எடுத்துரைத்தார். நல்ல நட்பு, ஒழுக்கம், தம்மத்தைப் பற்றிய பேச்சு, முயற்சி, அறிவு என்னும் அந்த ஐந்தில் முதலாவது இருந்தால் மற்ற நான்கும் கூடிவரும் என்றும் சொன்னார். தோப்பின் அழகைப் புத்தர் குறை கூறவில்லை. மேகியர் அங்கே தனியாகப் போனதுதான் சிக்கல்.

தங்கள் தோப்பு உண்மையிலேயே அமைதியானதுதானா என்பதையும் ஒரு முழு ஆண்டை மனத்தில் கொண்டு எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். தை, மாசியில் பூ வைத்தவுடன் விசைத்தெளிப்பான் கொண்டு மருந்தடிப்பார்கள். காய் பிடித்த பிறகு குத்தகைக்காரர் காவலுக்கு ஆள் வைப்பார். இரவெல்லாம் டார்ச் வெளிச்சமும் தகரம் தட்டும் ஓசையும் இருக்கும். வைகாசி, ஆனியில் பறிப்பு ஆட்களும் கூழ் ஆலைக்குக் காய் ஏற்றும் வண்டிகளும் விடியுமுன்பே வந்துவிடும். ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து விசுத்திமக்கம் என்னும் தியான வழிகாட்டி நூலை எழுதிய புத்தகோசர், தியானத்துக்கு ஆகாத விகாரையின் பதினெட்டுக் குற்றங்களைச் சொல்லும்போது பழமரங்கள் நிறைந்திருப்பதையும் ஒரு குற்றமாகச் சேர்த்திருக்கிறார். மாம்பழமும் பலாப்பழமும் உள்ள இடத்தில் மக்கள் வந்து கேட்பார்கள். கொடுக்காவிட்டால் சினந்துகொள்வார்கள், அல்லது தாங்களே பறித்துக்கொள்வார்கள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்ட பிக்குவையே ஏசி அங்கிருந்து வெளியேற்றப் பார்ப்பார்கள் என்று அவர் எழுதுவதைப் படிக்கும்போது, சந்தூர்ப் பக்கத்துத் தோப்பு ஒன்றின் வேலியோரம் நின்று எழுதினாரோ என்றே எனக்குத் தோன்றுவதுண்டு.

இவற்றைவிட முக்கியமானது விநயம் என்னும் துறவியர் ஒழுக்க விதித்தொகுப்பு. பிக்கு தன் கையால் மண்ணைத் தோண்டக் கூடாது; செடிகொடிகளை வெட்டவோ ஒடிக்கவோ கூடாது. மரத்திலிருந்து தானே பழம் பறிக்கக் கூடாது. நீரும் பல்குச்சியும் தவிர வாய்க்குள் போகும் எதையும் ஒருவர் கையில் கொடுத்தே பெற்றுக்கொள்ள வேண்டும். உணவைச் சமைத்துக்கொள்ளவோ மறுநாளைக்கு எடுத்துவைக்கவோ இயலாது. நண்பகலுக்குப் பின் உண்ண இயலாது. பணத்தைக் கையாளவும் இயலாது. மாதந்தோறும் கணக்கில் சேரும் ஓய்வூதியத்தைத் தாமே எடுத்துச் செலவிடும் பிக்கு விநயப்படி குற்றத்திற்கு உள்ளாகிறார். ஆகவே, நாள்தோறும் சோறு கொண்டுவந்து கையில் கொடுக்க ஒரு குடும்பமாவது அருகில் இல்லாத தோப்பில் பிக்கு ஒருவர் ஒரு வாரம்கூட விதி வழுவாமல் வாழ முடியாது. இந்த விதிகள் வேண்டுமென்றே அப்படி அமைக்கப்பட்டவை என்று நான் கருதுகிறேன். துறவி ஊரை விட்டு முற்றாக விலகிவிடாமல் அவை தடுக்கின்றன.

சீவரத்தைத் தாமே எடுத்து அணிவதைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். பிக்குகளின் கூட்டமைப்பான சங்கம் வழங்காத சீவரத்தைத் தானே தரித்துப் பிக்குகளிடையே பிக்குவாகப் பழகியவருக்குப் பின்னர் உபசம்பதை என்னும் முழுத் துறவுநிலை வழங்கக் கூடாது என்பது விநயத்தின் தெளிவான கட்டளை. அறியாமல் செய்யும் ஒரு காரியத்தால் அந்த வாயிலையே அடைத்துக்கொள்ள வேண்டாம்.

இல்லறத்தவராகவே, வெண்ணிற ஆடையில், உபோசதம் என்னும் நோன்பு நாள்களில் சீலங்கள் எனப்படும் எட்டு ஒழுக்க நெறிகளை ஏற்று அந்தத் தோப்பில் தங்குவதற்கு எந்தத் தடையும் இல்லை. அதற்கு முன்னால் ஒரு விகாரையில் மூன்று மாத மழைக்கால வாசத்தை மூத்த பிக்கு ஒருவரின் மேற்பார்வையில் கழித்துப் பாருங்கள். முதிய வயதில் உபசம்பதை கேட்போரைப் பல விகாரைகள் உடல்நலம் கருதித் தயக்கத்தோடுதான் ஏற்கின்றன. ஆனால் நெடுநாள் தங்கும் உபாசகரை, அதாவது இல்லறத்து அடியவரை, மகிழ்ந்து வரவேற்கின்றன. தோப்பை என்ன செய்வது என்பதைத் திரும்பி வந்த பின் முடிவு செய்யலாம்.

கேள்வி: வயது 26. ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறேன். பிக்குவாக வேண்டும் என்ற எண்ணம் உறுதியாகிவிட்டது. பைலகுப்பே போ என்கிறார் ஒருவர்; இலங்கை, தாய்லாந்து என்கிறார் இன்னொருவர். எனக்கோ ஒகேனக்கல் காட்டிலோ வத்தல்மலையிலோ சில ஆண்டுகள் தனித்திருந்து பழகிவிட்டுப் பிறகு போகலாம் என்று தோன்றுகிறது. எதைத் தேர்வது?
– வாசகர், பென்னாகரம்

பதில்: இடத்தைத் தேர்வதற்கென்றே புத்தர் ஓர் உரை நிகழ்த்தியிருக்கிறார். புத்தரின் உரைத்தொகுப்புகளுள் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் பதினேழாவது உரையான வனபத்த சுத்தம் (சூத்திரம்) அது. அதில் காட்டின் அழகைப் பற்றியோ குகையின் குளிர்ச்சியைப் பற்றியோ ஒரு சொல்கூட இல்லை. இங்கே வந்த பிறகு நிலைபெறாத மனவிழிப்பு நிலைபெறுகிறதா, ஒருமைப்படாத மனம் ஒருமைப்படுகிறதா என்பது ஒரு வினா. உடை, உணவு, இருப்பிடம், மருந்து ஆகியவை எளிதாகக் கிடைக்கின்றனவா என்பது மற்றொன்று. இரண்டும் இல்லையென்றால் அன்றைய பகலிலோ இரவிலோ அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும். சோறு தாராளமாகக் கிடைத்தும் மனம் நிலைபெறவில்லையென்றால், சோற்றுக்காகவா வீட்டை விட்டு வந்தேன் என்று எண்ணிப் பார்த்துப் போய்விட வேண்டும். மனம் நிலைபெறுகிறது, ஆனால் சோற்றுக்குத்தான் சிரமம் என்றால் தங்க வேண்டும். இரண்டும் அமைந்தால் உயிருள்ளவரை தங்கலாம். பிறகு இதே அளவுகோலைச் சிற்றூருக்கும் நகரத்துக்கும் நாட்டுக்கும் பொருத்திக்கொண்டே வந்து, இறுதியில் மனிதர் ஒருவருக்கும் பொருத்துகிறார்: மனம் நிலைபெறவும் தேவைகள் நிறைவேறவும் காரணமான ஒருவர் அமைந்துவிட்டால், அவர் போ என்று விரட்டினாலும் அவரை விட்டுப் பிரியக் கூடாது. மற்ற எந்த இடத்துக்கும் இத்தனை அழுத்தமான சொல் அந்த உரையில் இல்லை. ஆகையால், எந்த ஊர் என்று தேடுவதை நிறுத்திவிட்டு எந்த ஆசிரியர் என்று தேடுங்கள் என்பதே உங்களுக்கு என் பதில். மற்றவை அதைச் சார்ந்தவை.

புதிதாக உபசம்பதை பெற்ற பிக்கு குறைந்தது ஐந்து ஆண்டுகள் ஆசிரியரைச் சார்ந்தே வாழ வேண்டும் என்று விநயமும் விதிக்கிறது. தனிமைக்குப் போகும் உரிமை அதற்குப் பின்னர்தான், அதுவும் தகுதி பெற்றவர்க்குத்தான். உபாலி என்னும் பிக்கு காட்டில் தனித்து வாழ அனுமதி கேட்டபோது புத்தர் அவரைச் சங்கத்திலேயே இருக்கச் சொன்னார். யானை இறங்கி விளையாடும் ஆழமான மடுவில் தானும் விளையாடலாம் என்று முயல் குதித்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்ட கேள்வி அங்குத்தர நிகாயம் என்னும் மற்றோர் உரைத்தொகுப்பில் பதிவாகியிருக்கிறது.

ஒகேனக்கல், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளைப் பொறுத்தவரை நடைமுறைத் தடையும் உண்டு. இவற்றின் பெரும்பகுதி காப்புக்காடு. 2014இல் காவேரி வடக்கு, 2022இல் காவேரி தெற்கு என இரண்டு வனவிலங்குச் சரணாலயங்கள் இப்பகுதியில் அறிவிக்கப்பட்டுள்ளன. அங்கே குடில் போடுவது சட்டப்படி குற்றம். ராகிக் கதிர் முற்றும் பருவத்தில் யானைகள் இறங்கும் வழிகள் எவை என்பது அந்தப் பக்கத்து உழவர்களைக் கேட்டால் தெரியும். விநயம்கூட, பிக்கு தனக்கெனக் குடில் கட்டிக்கொள்ளும் இடம் எறும்பும் பாம்பும் யானையும் வாழும் இடமாக இருக்கக் கூடாது என்றும், நுகம் பூட்டிய வண்டி சுற்றிவரும் அளவுக்கு நாற்புறமும் வெளி இருக்க வேண்டும் என்றும், மற்றப் பிக்குகள் வந்து பார்த்து ஒப்புதல் தந்த பின்பே கட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. வத்தல்மலையில் பனிக்காலத்து விடியல் மனத்தை அள்ளும் என்பது உண்மைதான். விடுமுறை நாள்களில் அதே மலைப்பாதையில் ஏறிவரும் வாகனங்களையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

இனி, நீங்கள் குறிப்பிட்ட இடங்கள். உங்களுக்கு அருகில் இருப்பது பெங்களூர். ஆசாரிய புத்தரக்கிதர் 1956இல் நிறுவிய மகாபோதி சங்கம் காந்திநகரில் இருக்கிறது. இலங்கையிலும் தாய்லாந்திலும் வழங்கும் தேரவாத மரபு, கன்னடமும் ஆங்கிலமும் புழங்கும் இடம், ஓசூரிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பலாம். முதல் தொடர்புக்கு அதுவே எளிது. சென்னை எழும்பூரில் கென்னத் சந்தில் உள்ள மகாபோதி நிலையம் இலங்கைப் பிக்குகளை நேரில் சந்தித்துப் பேச உதவும்.

இலங்கையில் வனவாச மரபை நாடுவோர் பெரும்பாலும் போவது, 1951இல் தொடங்கப்பட்ட கல்யாணி யோகாசிரம அமைப்பைச் சேர்ந்த அரணியங்கள் என்னும் காட்டு மடங்களுக்கு. குருநாகல் மாவட்டத்து நா உயன, மீதிரிகலவில் உள்ள நிஸ்ஸரண வனம் ஆகியவை அவற்றுள் தெரிந்த பெயர்கள். அந்த நாட்டில் ஒன்றை மட்டும் விழிப்போடு கேட்டறிய வேண்டும். அங்கே நிகாயம் என்றால் சங்கப் பிரிவு. 1753இல் தொடங்கிய சியாம் நிகாயம், கொவிகம என்னும் வேளாண் சாதியினருக்கே உபசம்பதை அளிக்கும் வழக்கத்தைப் பின்பற்றிவருகிறது. 1803இல் அமரபுர நிகாயம் தோன்றியதே இந்தத் தடையை மறுத்துத்தான். மேலே சொன்ன அரணியங்கள் ராமஞ்ஞ நிகாயத்தைச் சேர்ந்தவை. அங்கே இந்தத் தடை இல்லை. புத்தரின் குலத்தவரான சாக்கிய இளவரசர்கள் தங்கள் செருக்கு அடங்கட்டும் என்று நாவிதருக்கு முதலில் துறவளிக்கச் சொல்லி, பிறகு அவரை வணங்கிச் சங்கத்தில் சேர்ந்தார்கள். அந்த வரலாற்றை உடைய சங்கத்தில் சாதி கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்களும் ஏற்க வேண்டியதில்லை.

தாய்லாந்தில் உபோன் மாநிலத்தில் உள்ள வாட் பா நானாசாட், வெளிநாட்டவர் ஆங்கிலத்தில் பயிலும் பொருட்டு வனமரபு ஆசிரியர் அஜான் சா 1975இல் ஏற்படுத்தியது. அங்கே சில மாதங்கள் வெள்ளுடையில், பிறகு சாமணேரர் என்னும் தொடக்கநிலைத் துறவியாக, அதன் பிறகே பிக்குவாக என்று படிப்படியாக ஏற்கிறார்கள். அந்தத் தாமதம் உங்களுக்கு நன்மையே. மைசூரு மாவட்டத்துப் பைலகுப்பேயில் சேரா மடமும் 1963இல் தொடங்கிய நம்ட்ரோலிங் மடமும் திபெத்திய மரபைச் சேர்ந்தவை. பாடம், வழிபாடு, விவாதம் அனைத்தும் திபெத்திய மொழியில். மூளைக்கு உழைப்புக் கொடுக்கும் நெடிய கல்வியில் விருப்பம் இருந்தால் மட்டுமே அங்கே போவது பயன் தரும். தேரவாதப் பிக்குவுக்கு 227 விதிகள் என்றால், திபெத்திய மரபில் 253. விதிகளின் எண்ணிக்கையைவிட, அவை அந்த வளாகத்தில் எவ்வளவு கைக்கொள்ளப்படுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும்.

அதைப் பார்ப்பதற்கு விருந்தினராகப் போய்வந்தால் போதாது. ஒரு மாதமாவது தங்கி, மூத்த பிக்கு நோயுற்றால் யார் கவனிக்கிறார்கள், பணம் யார் கையில் இருக்கிறது, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பிக்குகளின் விதித்தொகுப்பான பாதிமோக்கம் ஓதப்படுகிறதா, ஆசிரியரிடம் ஐயம் கேட்டவரை எப்படி நடத்துகிறார்கள், பத்தாண்டுக்கு மேல் அங்கேயே இருப்பவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் கவனியுங்கள். விசா பற்றி மடத்தின் கடிதம் கையில் வந்த பிறகே பயணச்சீட்டு எடுங்கள்.

உபசம்பதையின்போது சங்கத்தின் நடுவில் உங்களிடம் கேட்கப்படும் கேள்விகளில், கடன் இல்லாதவனா என்பதும் பெற்றோர் அனுமதி பெற்றவனா என்பதும் உண்டு. புத்தரின் மகன் இராகுலனுக்குத் துறவளித்த பிறகு, புத்தரின் தந்தை சுத்தோதனர் தம் துயரத்தைச் சொல்லி வேண்டிக்கொண்டதால் வந்தது பெற்றோர் அனுமதி பற்றிய விதி. கல்விக் கடனோ வண்டித் தவணையோ அம்மாவின் பேரில் எடுத்த நகைக்கடனோ இருந்தால், சிப்காட் வேலையை விடுவதற்கு முன் அதை அடைத்துவிடுங்கள்.

கேள்வி: நான் செவிலியர், திருமணம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். பெண்கள் முழுத் துறவு பெற்று வாழ ஏற்ற இடம் உண்டா?
– வாசகி, ஓசூர்

பதில்: உண்டு, ஆனால் எண்ணிக்கையில் குறைவு, நாட்டுக்கு நாடு நிலைமையும் வேறு. தேரவாதத்தில் பல நூற்றாண்டுகளாக அற்றுப்போயிருந்த பிக்குணி உபசம்பதை 1998இல் புத்தகயாவிலும் தொடர்ந்து இலங்கையின் தம்புள்ளையிலும் நடந்த நிகழ்வுகளால் மீண்டும் வேரூன்றியது. ஆகவே இலங்கையில் பிக்குணி ஆசிரமங்களைத் தேடலாம். தாய்லாந்தில் 1928ஆம் ஆண்டின் சங்க ஆணை பெண்களுக்கு உபசம்பதை அளிப்பதைத் தடுத்திருக்கிறது; அங்கே பெரும்பாலோர் எட்டுச் சீலம் ஏற்ற வெள்ளுடைத் துறவியராகவே இருக்கிறார்கள். திபெத்திய மரபில் நம்ட்ரோலிங்கைச் சார்ந்த பெண் துறவியர் மடம் பைலகுப்பேயிலேயே இருக்கிறது. அந்த மரபில் பெண்களுக்கு முழு உபசம்பதை நெடுங்காலமாக இல்லாதிருந்து, 2022இல் பூட்டானில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு வழங்கப்பட்டது.

பிக்குணிகள் காட்டில் தனித்து வசிக்கலாகாது என்பது விநயம். பெண் துறவியர் தாக்கப்பட்ட நிகழ்ச்சிகளை ஒட்டி வந்த பாதுகாப்பு விதி அது. எனவே ஊரை ஒட்டிய, சுற்றுச்சுவர் உள்ள, குறைந்தது நான்கைந்து மூத்த பிக்குணிகள் நிலையாக வாழும் இடத்தை நாடுங்கள். முடிவுகளை அவர்களே எடுக்கிறார்களா, பகல் முழுதும் அடுத்த வளாகத்துப் பிக்குகளுக்குச் சமைப்பதிலும் துவைப்பதிலும் கழிகிறதா என்று பாருங்கள். பின்னது என்றால், எவ்வளவு புகழ்பெற்ற மடமானாலும் அங்கே சேர வேண்டாம் என்றுதான் உடன்பிறந்தவளிடம் சொல்வதுபோல் உங்களிடம் சொல்வேன். செவிலியர் என்பதால் மருத்துவப் பணிக்காகவே உங்களை வரவேற்கும் மடங்களும் இருக்கும். பயிற்சிக்கு நாளில் எத்தனை மணி நேரம் ஒதுக்குவார்கள் என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். மணிமேகலை வஞ்சி மாநகரில் பல சமயத்தாரின் கொள்கைகளையும் கேட்டுவிட்டுத்தான் காஞ்சியில் அறவண அடிகளை அடைந்து நோன்பேற்றாள். கேட்டறிவதில் தயக்கம் வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் இளைஞர்கள் சேர்ந்து, இரண்டு மூன்று பிக்குகள் நிலையாகத் தங்கும் வகையில் சிறிய விகாரை ஒன்றை எழுப்ப விரும்புகிறோம். தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு மனையும், சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே கல்குவாரிக்கு அப்பால் ஒரு மனையும் விலைக்கு வந்திருக்கின்றன. எதை வாங்கலாம்?
– வாசகர்கள், தருமபுரி

பதில்: இராசகிருகத்தில் பிம்பிசார மன்னர் இதே யோசனையில் இருந்திருக்கிறார். ஊருக்கு மிகத் தொலைவிலும் இல்லாமல் மிக அருகிலும் இல்லாமல், வர விரும்புவோர் எளிதில் வந்துபோகத் தக்கதாக, பகலில் கூட்டமும் இரவில் ஓசையும் குறைந்ததாக எது இருக்கிறது என்று எண்ணியே அவர் தம் மூங்கில் தோட்டமான வேணுவனத்தைச் சங்கத்துக்கு அளித்தார். நெடுஞ்சாலை மனை இந்த அளவுகோலில் இரவு ஓசையால் தோற்றுவிடுகிறது. பெங்களூர் – சேலம் சாலையில் சரக்கு லாரிகள் ஓடாத சாமம் என்று ஒன்று கிடையாது. உள் மனையில், குவாரியில் எத்தனை மணிக்கு வெடி வைக்கிறார்கள், கல்தூள் எந்தப் பக்கம் படிகிறது என்பதைக் காற்றடிக்கும் ஆடி மாதத்தில் ஒரு வாரம் அங்கிருந்து பாருங்கள். இரண்டுமே ஒத்துவராவிட்டால் மூன்றாவது மனைக்காகக் காத்திருப்பதில் தவறில்லை.

தண்ணீரைக் கட்டாயம் சோதித்துக்கொள்ளுங்கள். நம் இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதையும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது என்பதையும் அறிவீர்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், அந்த ஆழ்துளைக் கிணற்று நீரை வாழ்நாள் முழுதும் குடிக்கும் துறவியின் பல்லும் எலும்பும் கெடும். மனைக்குக் குழாய் இணைப்புக் கிடைக்குமா என்று ஊராட்சியில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

அடுத்து, சோறு. நம் ஊர்ப்பக்கம் காலையில் பிக்கு பாத்திரத்தோடு வந்து நின்றால் என்ன செய்வது என்று தெரிந்த வீடுகள் இன்று அநேகமாக இல்லை. ஆகவே நடந்து வரும் தொலைவில் உள்ள முப்பது வீடுகளாவது முறை வைத்துக்கொண்டு உணவளிக்க ஒப்புக்கொண்ட பிறகு அடிக்கல் நாட்டுங்கள். களியும் கீரையும் போதும். நண்பகலுக்கு முன் வந்துசேர வேண்டும் என்பதுதான் முக்கியம். நான்கு பிக்குகள் இருந்தால் பாதிமோக்கம் முறையாக ஓத முடியும் என்பதால், இரண்டு மூன்று அறைகளுக்குத் திட்டமிட்டிருப்பவர்கள் நான்காகக் கட்டுவது நலம்.

பத்திரத்தைத் தனி ஒருவர் பெயரில், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பதிய வேண்டாம். அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்து, நாற்றிசைச் சங்கத்தின், அதாவது எல்லா இடத்துப் பிக்குகளின், பயன்பாட்டுக்கு என்ற நோக்கத்தை அதன் ஆவணத்தில் எழுதி, அதன் பெயரில் நிலத்தை வாங்குங்கள். ஆவணத்தைப் பதிவதற்கு முன், அங்கே வந்து தங்கவிருக்கும் பிக்குகளை அழைத்து மனையைக் காட்டி அவர்களின் ஒப்புதலைப் பெறுங்கள்.